பதின்மூன்றாவது சிவப்பு நூல்

டிராகனுக்குச் சேணம் தைப்பதும் குதிரைக்குத் தைப்பதும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குதிரை தரையில் ஓடுகிறது. வார் அறுந்தால் ஆள் விழுவான், முட்டி தேயும், எழுந்து நாலு பேரைத் திட்டிவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போவான். எங்கள் வேலையில் வார் அறுந்தால் திட்டுவதற்கு ஆள் மிஞ்சமாட்டான்.

அப்புறம் மூச்சு. டிராகன் எழும்புவதற்கு முன் இழுக்கிற மூச்சில் அதன் மார்பு ஒரு முழம் விரியும். அந்த ஒரு முழத்துக்கு இடம் விடாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். அதிகமாக விட்டுவிட்டால், அது மூச்சை விட்டதும் சேணம் சரிந்து, முதுகில் உட்கார்ந்திருந்தவர் வயிற்றுக்கு அடியில் தொங்குவார். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனால் காரியம் ஆகாது. கூச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டிராகன்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் பட்டறையில் முதலில் பொய்த்தையல் போடுகிறோம்.

பட்டறை என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். தோலைத் தேர்ந்தெடுத்து வெட்டுவது அவர், தைப்பது நான். ஒரே நீள மேசை. ஜன்னலோரம் எனக்கு, கதவோரம் அவருக்கு. ஒரு சேணத்தில் பாரம் தாங்குகிற மூட்டுகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் சாதாரண சிவப்புப் பருத்தி நூலால் லேசாகத் தொட்டுத் தைத்து, டிராகன்மேல் போட்டுப் பார்ப்போம். அது மூச்சு இழுக்கும், விடும், இறக்கையை விரிக்கும், சுவரில் முதுகைத் தேய்க்கும். எங்கே இறுகுகிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்துகொண்டு வந்து, ஒவ்வொரு மூட்டாக மெழுகு நூலில் மெய்த்தையல் போடுவேன். போட்டதும் அங்கிருந்த சிவப்பு நூலை உருவி மேசைமேல் இருக்கிற பித்தளைக் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும்.

சேணம் வாசலைத் தாண்டுவதற்கு முன் அந்தக் கிண்ணத்தை எண்ணுவோம். பன்னிரண்டு இருந்தால் சரி. ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு மூட்டு பருத்தி நூலில் தொங்குகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டிராகனின் உடம்புச் சூட்டில் மெழுகு இளகிவிடாமல் இருக்க, ஒவ்வொரு தையலையும் ஒரு தோல் மடிப்பு மூடியிருக்கும். மடிப்பை மூடிவிட்டால் பொய்யும் மெய்யும் பார்வைக்கு ஒன்றுதான். ஆகவே கிண்ணம் சொல்வதுதான் வேதம். இருபது வருடத்தில் எண்ணாமல் ஒரு சேணத்தைக்கூட நான் வெளியே விட்டதில்லை. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று என் தங்கையுடையது.

அவளுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். பன்னிரண்டு வயதில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தைக்கப் பழகினாள். நாலு வருடம் பழகினாள். கைக்குத் தெம்பு இருந்தது, பொறுமையும் இருந்தது, நேராகத் தைக்க மட்டும் வரவில்லை. நாலு தையல் நேராகப் போகும், ஐந்தாவது ஏதோ ஞாபகம் வந்த மாதிரி ஒதுங்கும். எனக்குத்தான் மூக்கின்மேல் கோபமாயிற்றே, ஒருநாள் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போடி என்றேன். எழுந்தவள் நேரே இறங்குதளத்துக்குப் போய் ஒரு டிராகன்மேல் ஏறிவிட்டாள். இன்றைக்கு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஊர்களுக்குத் தபால் கொண்டுபோவது அவள்தான். அவளை ஆகாயத்துக்கு அனுப்பியதே நீதான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவள் ஓட்டுகிற டிராகனுக்கு எல்லாரும் வைத்திருக்கிற பெயர் மாமியார். என்ன செய்தாலும் அதற்குப் போதாது. தண்ணீர் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புதுத் தோல் வாசனை ஆகாது. வெட்டுவதற்கு முன் தோலை மூன்று நாள் அதன் படுக்கையில் போட்டுவைத்து, அதன் வாசனை ஏறிய பிறகுதான் கத்தியே வைக்க முடியும். கல்யாணம் ஆகாமலே மாமியார் வாய்த்தவள் என்று தங்கையைத் தளத்தில் கேலி செய்வார்கள். அவளும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் செய்த வார் அறுந்து, ஏரிக்கு மேலே ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் சேணத்தை நான்தான் தைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாருக்கும் சொல்லாமல் ஓர் அடுக்குத் தோல் கூட்டுகிறேன். பயம்தான். வேறென்ன.

இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன். மாமியார்மேல் போட்டுப் பார்த்து அளவெல்லாம் முடிந்த பிறகு, சேணத்தைக் கொடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம், டிராகனின் மார்பைச் சுற்றுகிற மார்வாருக்குள்ளே இன்னொரு வார் சேர்த்தேன். ஓட்டுகிறவளின் இடுப்புக்கயிறு மாட்டுகிற வளையத்தை வெளிவாரிலிருந்து எடுத்து அந்த உள்வாருக்கு மாற்றினேன். இரண்டு வாருக்குள் வளையம் பத்திரமாக இருக்கும் என்று கணக்கு. பழக்கதோஷம், அதையும் முதலில் சிவப்பு நூலால்தான் தொட்டு நிறுத்தினேன். ஆக, அந்தச் சேணத்தில் மட்டும் மூட்டு பதின்மூன்று. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் பன்னிரண்டையும் முடித்துவிட்டுப் பதின்மூன்றாவதற்காக மெழுகு நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து நின்றாள். வழக்கமாகத் தளத்திலிருந்து வண்டி அனுப்புவார்கள், அன்றைக்கு என்னவோ அவளே வந்துவிட்டாள். உள்வார் அவள் கண்ணில் பட்டால் வம்பு என்று மடிப்பை இழுத்து மூடினேன். கையில் ஊசி இருந்தது. அதை மெழுகுக் கட்டியில் குத்திவைத்தேன்.

அவள் சேணத்தைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

"என்னக்கா இது, சேணமா வீடா?"

"சேணம்தான். தூக்க முடியலைன்னா நாலு வாய் சேர்த்துச் சாப்பிடு."

"போன தடவையைவிட கனமா இருக்கு. எத்தனை அடுக்கு கூட்டுன?"

"ஒண்ணும் கூட்டல."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு நுனி சிவக்கும். சின்ன வயசுல இருந்து பாக்குறேன்." சேணத்தை மேசைமேல் வைத்தாள். "மாமியாருக்கு வயசாகுதுக்கா. நீ கூட்டுறதையெல்லாம் அதுதான் சுமக்குது. ஏரியைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்குது."

"வயசானா ஓய்வு குடு. நீயும் இறங்கிடு. தரையில ஆயிரம் வேலை இருக்கு."

"என்ன வேலை? உன் பக்கத்துல உக்காந்து கோணத் தையல் போட்டுத் திட்டு வாங்குறதா?"

"திட்டு வாங்கி யாரும் செத்ததில்ல."

இந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அவளும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஒன்றுக்கொன்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

"நீ எனக்காகத் தைக்கலக்கா. உன் பயத்துக்குத் தைக்கிற. அதைத் தூக்கிக்கிட்டு நான் பறக்கணும்."

உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "அப்ப எடுத்துட்டுப் போ. இனிமே இந்த வாசல்ல கால் வைக்காத," என்றேன். அவள் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் பின்பக்கம் தொட்டியில் தோல் அலசிக்கொண்டிருந்தார். இருந்திருந்தால் எண்ணியாச்சா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன திமிர், என்ன வாய், வளர்த்த எனக்கே புத்தி சொல்கிறாள். இப்படி ஒரு மணி நேரம் போயிருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலியான மேசையைப் பார்த்தார், கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"பன்னிரண்டு. சரியா இருக்கு," என்றார்.

மெழுகுக் கட்டியைப் பார்த்தேன். ஊசி அப்படியே நின்றுகொண்டிருந்தது, கோத்த நூலோடு.

"ஏங்க," என்றேன். "பன்னிரண்டு இல்லங்க. பதிமூணு."

"பதிமூணா? எப்ப இருந்து?"

"நேத்துல இருந்து."

சொன்னேன். எதை எங்கே மாற்றினேன் என்பதையும் மறைக்கவில்லை. இடுப்புக்கயிற்றின் வளையம், அவள் உயிரைப் பிடித்திருக்கிற ஒரே வளையம், ரொட்டிப் பொட்டலம் கட்டுகிற மாதிரி நூலில் நிற்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பை மாட்டினார். ஊசிப் பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். இரண்டு பேரும் ஓடினோம்.

தளம் அரை மணி நடை. அவர் பருத்த உடம்பு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஏறும்போது ஒண்ணும் ஆகாது. பின்னாடி சேணத்துல சாஞ்சுதான் உக்காந்திருப்பா. அக்கரையில மேடு, சமமாப் போய் இறங்கிடும். வளையத்துல பாரம் விழுறது இங்க இறங்கும்போதுதான்."

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எங்கள் தளம் இரண்டு குன்றுக்கு நடுவே கிணறு மாதிரி ஆழத்தில் இருக்கிறது. இறங்குகிற டிராகன் தலைகுப்புறத்தான் பாயும். பாய்ந்து வந்து தரைக்குமேல் இறக்கையை விரித்து நிற்கும்போது ஓட்டுகிறவரின் மொத்த பாரமும் முன்னால் சென்று அந்த வளையத்தில்தான் விழும். அதை நினைத்துக்கொண்டே ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது தளம் காலியாக இருந்தது. ஏரிக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது, அதுவும் மறைந்தது. கொடிக்காரர் தன் கூண்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கிழிந்த கொடியை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். தளத்தில் யார் இறங்கலாம், யார் கூடாது என்று கொடி ஏற்றிச் சொல்கிறவர் அவர்தான். வார்த்தைகளை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்.

"கிளம்பிடுச்சா?" என்றேன்.

"கால் மணி லேட்டு. மாமியாருக்கு வயிறு சரியில்லைன்னு சொன்னிச்சு உங்க தங்கச்சி. கொட்டகைக்குள்ளேயே உக்காந்திருந்துட்டுத்தான் போச்சு."

வாரும் பொய், அதற்குமேல் டிராகனுக்கும் உடம்பு சரியில்லை. அந்தக் கால் மணி நேரத்தை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டறையில் வீணடித்திருக்கிறேன் என்பதும் கூடவே வந்து குத்தியது.

கொடிக்காரரிடம் நாலு கொடிகள் உண்டு. வெள்ளை என்றால் வரலாம். கறுப்பு என்றால் வராதே. மஞ்சள், தளத்தில் தீ. பச்சை, காற்று பலமாக இருக்கிறது, பாயாமல் வட்டமடித்து மெதுவாக இறங்கு. வார் அறுந்துவிடும் என்று சொல்லக் கொடி கிடையாது. கறுப்பைப் போட்டால் திரும்பி அக்கரைக்குப் போவாள், ஆனால் போய்வந்த மாமியாருக்கு இன்னொரு தடவை ஏரியைத் தாண்டத் தெம்பு இருக்காது.

"பச்சை ஏத்துங்க," என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். "காத்து எங்கம்மா? இலைகூட அசையல."

"காத்துக்காக இல்லண்ணே. நான் தைச்ச சேணத்துல ஒரு மூட்டு பொய்த்தையலோட போயிடுச்சு. இடுப்புக்கயிறு வளையம். எண்ணாம விட்டுட்டேன்."

இப்படி ஒன்று தளத்தில் தெரிந்தால் பட்டறையின் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். முத்திரை இல்லாமல் நாய்க்குக் கழுத்துப்பட்டைகூட விற்க முடியாது. என் வீட்டுக்காரர் என்னைத் தடுக்கவில்லை. முத்திரை கிடக்கட்டும், அவள் வந்து சேரட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. கொடிக்காரர் என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பச்சைக் கொடியை எடுத்துவந்து கம்பத்தில் ஏற்றினார். எப்போதோ மடித்தது, மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது.

அதன் பிறகு காத்திருந்தோம். அதைப்போல ஒரு காத்திருப்பை என் எதிரிக்கும் நினைக்கமாட்டேன். எனக்கு எதிரிகள் இருக்கிறார்கள், யோசித்துத்தான் சொல்கிறேன். குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உட்கார்ந்தேன். வாசலில் கால் வைக்காதே என்ற என் குரல் என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது.

"அதுதான் கடைசியா நான் அவகிட்ட சொன்னது," என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"நீ வாரத்துக்கு ரெண்டு தடவை அவகிட்ட அதைச் சொல்ற."

"எண்ணாம சொன்னது இன்னைக்குத்தான்."

என் தோளில் கையை வைத்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது. அவருக்கும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் கவனித்தேன். அவருக்கும் அவள் பிள்ளை மாதிரிதான்; வெட்டின தோலில் மிஞ்சிய துண்டுகளில் அவளுக்குப் பொம்மை செய்து கொடுத்தவர்.

உச்சிவெயிலில் குன்றுக்கு மேலே மாமியார் தெரிந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. காற்றே இல்லை. காற்றுக்கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு துவண்டு தொங்கியது. மேலேயிருந்து பார்த்தால் அது பச்சையா கறுப்பா என்றுகூடத் தெரியாது.

கொடிக்காரர் தன் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினார். "அந்த மூலையைப் பிடிங்க," என்றார் என் வீட்டுக்காரரிடம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தலைக்குமேல் விரித்துக்கொண்டு தளத்தின் நடுவே போய் நின்றார்கள். ஓர் இலைகூட அசையாத மத்தியானத்தில், காற்று பலமாக அடிக்கிறது என்று இரண்டு பெரிய மனிதர்கள் கொடியைக் கையால் ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மாமியார் ஒரு வட்டம் போட்டது. நல்லவேளை, பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது வட்டத்தில் பாதிதான் வந்திருக்கும். தலையைக் கவிழ்த்தது. இறக்கையை மடக்கியது. கல் விழுவது மாதிரி நேரே கீழே பாய்ந்தது.

நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடத் தோன்றவில்லை. முதுகில் தங்கை குனிந்திருந்தது தெரிந்தது, இடுப்புக்கயிறு தெரிந்தது. தரைக்குமேல் பனைமர உயரத்தில் மாமியார் இறக்கையை விரித்தது. அவள் முன்னால் தூக்கி எறியப்பட்டாள், கயிறு விறைத்தது, எனக்கு மூச்சு நின்றது.

கயிறு நின்றது. வளையம் நின்றது. மாமியார் நாலு காலையும் ஊன்றித் தூசியைக் கிளப்பிக்கொண்டு நின்று, நீளமாக ஒரு மூச்சு விட்டது. அதன் மார்பு ஒரு முழம் சுருங்கியது. சேணம் அசையவில்லை. தங்கை எழுந்து உட்கார்ந்து முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

என் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள். ஓடினேன். அவள் இறங்குவதற்குள் மாமியாரின் மார்புக்கு அடியில் புகுந்து மடிப்பைத் தூக்கி விரலை விட்டேன். உள்வார் சூடாக இருந்தது. என் தையல் என் விரலுக்குத் தெரியும். அங்கே இருந்தது என்னுடையது இல்லை. பருத்தி நூலும் இல்லை. மெழுகு நூல். நாலு தையல் நேராகப் போய், ஐந்தாவது ஒதுங்கியது.

"பதினோரு தையல்," என்றாள் தங்கை என் தலைக்கு மேலே. "கோணல்தான். திட்டுறதா இருந்தா வீட்ல வச்சுத் திட்டு. இங்க ஆளு இருக்கு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் குனிந்து என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் வயிறு நன்றாகத்தான் இருந்தது. கொட்டகைக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்து இவள் தைத்திருக்கிறாள். ஓட்டுகிறவர்களின் காலுறைக்குள் ஊசியும் மெழுகு நூலும் எப்போதும் இருக்கும், எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

"எப்படிடி பாத்த?" என்றேன்.

"நீ எத்தனை அடுக்கு கூட்டியிருக்கன்னு எண்ணி, சாயங்காலம் வந்து உன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு மடிப்பைத் திருப்புனேன். உள்ள ஒரு வாரே இருந்துச்சு. வார்ல சிவப்பு நூல் இருந்துச்சு." கீழே குதித்தாள். "சண்டை போடலைன்னா திருப்பியே இருக்கமாட்டேன். சண்டை போட்டதும் நல்லதாப் போச்சு."

"அப்ப திரும்பி வந்திருக்கலாம்ல? ஏண்டி கிளம்புன?"

"வாசல்ல கால் வைக்காதன்னு சொன்னியே."

அவளே கொஞ்சம் இரங்கினாள்.

"சேணம் திரும்பி வந்தா ஏன் வந்துச்சுன்னு தளத்துல எழுதணும்க்கா. எழுதினா உன் முத்திரை போயிடும். அப்புறம் எனக்கு யாரு தைச்சுக் குடுப்பா?"

"உன் தையலை நம்பி அந்தப் பாய்ச்சல் பாய்ஞ்ச? பச்சைக்கொடி காட்டினோமே, தெரியலையா?"

"தெரிஞ்சுது. காத்தே இல்லாம மாமா கொடியை உதறிக்கிட்டு நிக்கிறாரு. நீ எண்ணிட்டன்னு புரிஞ்சுது. வட்டம் போடலாம்னுதான் பாத்தேன், இதுக்குப் பசி, கேக்கல." மாமியாரின் கழுத்தைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நம்பாம என்ன? நாலு வருஷம் உங்கிட்டத் திட்டு வாங்கியிருக்கேன். கோணல்னு சொல்லுவ, அசிங்கம்னு சொல்லுவ. அறுந்துபோகும்னு ஒரு நாளும் நீ சொன்னதில்ல."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, தூசியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். என் வீட்டுக்காரர் பச்சைக் கொடியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொடிக்காரர் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"நான் சொன்னதை எழுதிக்கணும்னா எழுதிக்கங்கண்ணே," என்றேன் அவரிடம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் அவர். கொடியைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். மத்தியானம் லேசாக் காத்து அடிச்சுதுன்னு எழுதிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சாப்பிட்டேன். ஒரு சாதாரண சாப்பாடு அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. காலையில் போட்டபடி கிடந்த மேசையைத் துடைத்து, சிந்தியிருந்த பன்னிரண்டு சிவப்பு நூலையும் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவைத்தேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தங்கை வந்தாள். தோளில் சேணம். வாசல்வரை வந்தவள் நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. செருப்பு நுனி வாசற்படியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி கவனமாக நின்றுகொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"மாமா, இங்க கால் வைக்கக்கூடாதாம். சேணத்தை இங்கிருந்தே எறியட்டுமா?"

"என்னை இதுல இழுக்காத," என்றார் அவர், தோலிலிருந்து கண்ணை எடுக்காமல். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள், நாள் முழுக்க நான் பார்க்கவே இல்லை. பல்லால் முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எண்ணிக்கோ," என்றாள்.

மேசைக்கு வந்து கிண்ணத்தைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாக வரிசையாக வைத்து வாய்விட்டு எண்ணினேன். பதின்மூன்று. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணும்போது என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்து எண்ணினார். பதின்மூன்றுதான்.

"உள்ள வாடி," என்றேன்.

வந்தாள். சேணத்தை மேசைமேல் போட்டுவிட்டு, பழைய இடத்தில், என் பக்கத்து முக்காலியில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள். எத்தனை அடுக்கு எடுப்பது என்று பேரம் ஆரம்பமாயிற்று. அவள் மூன்று என்றாள், நான் ஒன்று என்றேன். கடைசியில் உள்வாரை மொத்தமாக எடுத்துவிடுவது, வளையத்தை வெளிவாருக்கே மாற்றுவது, மார்வாரில் ஓர் அடுக்கு குறைப்பது என்று முடிவாயிற்று. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அவர் கத்தியை எடுத்துப் பிரித்தபோது நான் தடுக்கவில்லை. எடுத்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன், தூக்கிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

மெழுகுக் கட்டியில் காலையில் குத்திய ஊசி இன்னும் நின்றுகொண்டிருந்தது, கோத்த நூலோடு. அதை உருவினேன். வளையத்தைத் தைக்க உட்காரப் போன நான், என்னவோ தோன்றி, ஊசியை அவளிடம் நீட்டினேன்.

"நீயே தை."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். குனிந்து தைக்க ஆரம்பித்தாள். முதல் தையல் நேராக விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தெருவைப் பார்த்தேன், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி சுவரைப் பார்ப்பாள்.

"கோணுதுடி," என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. நூலை இழுத்து இறுக்கினாள்.

"அறுந்துபோகுமா?"

"போகாது," என்றேன்.